கன்ட்ரோல் கெட்டுப்போச்சு!

தலையில் தேங்காய் விழுந்தால் நீங்களும் நானும் ‘ஐயோ’ என்போம். “ஒரு தேங்காய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இன்னும் நாலு விழட்டும்” என்று அதே மரத்தடியில் நிற்கக்கூடிய மனுஷி மலேசியாவின் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் இருப்பார். அவரோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான். என் தலைமுடி இந்த வயதிலேயே இப்படி நரைத்ததற்கு யாரும் என் பரம்பரையைக் குறை சொல்ல வேண்டாம்.

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. “கன்ட்ரோல் அக்கா” என்றால் கீழே பூக்கடை ஆன்டி மாலை கட்டுகிற கையை நிறுத்தாமல் முகவாயால் எங்கள் மாடியைக் காட்டுவார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் என் கதை.

பகலில் அவருக்கு ஒரு கிளினிக் கவுன்டரில் நம்பர் கொடுக்கும் வேலை. மாலையில் பகுதி நேரமாக உளவியல் முதுகலைப் படிப்பு. அதை முடித்தால்தான் கவுன்சலர் ஆக முடியும். ஆய்வுக்கட்டுரை ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் முறையும் திரும்பினால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

“ஏன்கா இந்த வயசுல இவ்ளோ கஷ்டப்படணும்? கவுன்டர் வேலைக்கு என்ன குறைச்சல்?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“நம்பர் வாங்க வர்றவங்க எங்கிட்ட நின்னு அழுவுறாங்க. புருஷன் போனது, புள்ள பேசாதது, எல்லாத்தையும் அந்தக் கண்ணாடி ஓட்டை வழியா சொல்றாங்க. நான் என்ன பண்றேன்? நம்பர் குடுத்து உக்காருங்கன்றேன். எனக்கு உள்ள ஒரு ரூம் வேணும். கதவச் சாத்திட்டு, அவங்க சொல்றத முழுசா கேக்கணும்.”

இப்படிப் பேசுகிறவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? முடியும். அவரோடு ஒரு மாதம் குடியிருந்து பாருங்கள்.

சமையலறையில் உப்பு டப்பா இடம் மாறியிருக்கும். கேட்டால், “நீ எத்தன தடவ பழைய எடத்துலயே தேடுறேன்னு பாத்தேன்” என்பார். தலைவலி என்று மாத்திரை கேட்டால் உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைப்பார். ஒருநாள் அதை வாயில் போட்டேன், இனித்தது.

“கா, இது மிட்டாய்!”

“வலி எப்டி இருக்கு?”

“இப்போ கூடிருச்சு!”

“நீ நம்பல, அதான். நம்பி சாப்புட்டிருந்தா போயிருக்கும்,” என்று என்னையே குற்றம் சொல்லிவிட்டுப் போனார். நான் கீழே இறங்கிப் போய் நிஜ மாத்திரை வாங்கித் தெருவிலேயே விழுங்கினேன். அதையும் பால்கனியில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆய்வின் கேள்வி என்னவோ எளிமையானதுதான். நம் ஊரில் முன்பின் தெரியாதவரையும் அண்ணே, அக்கா, அங்கிள், ஆன்டி என்றுதான் கூப்பிடுகிறோம். அப்படி உறவு சொல்லிக் கூப்பிட்டால் உதவி கூடுதலாகக் கிடைக்கிறதா? இதைக் கண்டுபிடிக்க இரண்டு கூட்டம் வேண்டும். ஒரு கூட்டத்தை உறவு சொல்லிக் கூப்பிட வேண்டும். மற்றக் கூட்டத்தில் உறவு வார்த்தையே காதில் விழக்கூடாது. இந்த இரண்டாவது கூட்டத்துக்குப் பெயர் கன்ட்ரோல். அது சுத்தமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும், அதில் ஒரு சொட்டு உறவு கலந்தாலும் கட்டுரை குப்பைக்குத்தான் என்று அவருடைய மேற்பார்வையாளர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“சோதனை நாலு வகை. ஆய்வகச் சோதனை, களச் சோதனை, அரைச் சோதனை, இயற்கைச் சோதனை,” என்று அக்கா எனக்குச் சாம்பார் கிண்டிக்கொண்டே பாடம் நடத்துவார். என்னைப் பொறுத்தவரை வகையெல்லாம் கிடையாது. கடவுள் எனக்குக் கொடுத்த சோதனை எல்லாம் ஒரே வகைதான், அது எதிரில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது.

முதலில் ஆய்வகம். ஆய்வகம் என்பது எங்கள் ஹால். திரைச்சீலையை இழுத்துவிட்டு, காற்றாடியை நிறுத்தி, என் சோபாவை என் அறைக்குள் தள்ளிவிட்டார். சத்தம், வெளிச்சம், சூடு எல்லாம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். வருகிறவர்களுக்கு இரண்டு குரல் பதிவுகளைப் போட்டுக்காட்டி, எந்தக் குரலுக்கு உதவுவீர்கள் என்று கோடு போடச் சொல்வதாகத் திட்டம். ஆள் சேர்க்க லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினார்: ‘சோதனைக்கு ஆட்கள் தேவை. கட்டணம் இல்லை. சனிக்கிழமை காலை.’

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. எங்கள் அடுக்குமாடியில் இருந்த அத்தனை அங்கிள்களும் ஆன்டிகளும் வந்திருந்தார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கொஞ்சம் சோர்ந்து போயிருந்தார்கள். முன்னால் நின்ற அங்கிள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“மொத எனக்குப் பாத்துருமா. ராத்திரியிலேர்ந்து பச்சத்தண்ணி படல.”

“ஏன் அங்கிள், என்னாச்சு?”

“நீதானே சோதனைன்னு போட்டிருக்கே? ரத்தத்துல இனிப்பு நீரு பாக்கறதுக்கு வெறும் வயித்துலதானே வரணும்?”

அவருக்குப் பின்னால் நின்ற ஆன்டி கைப்பையிலிருந்து துணி சுற்றிய ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, “இதையும் கொண்டாந்துட்டேன், எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார். நான் எங்கும் வைக்க வேண்டாம் என்று கெஞ்சி அவர் கைப்பைக்குள்ளேயே அதைத் திரும்ப வைக்க வைத்தேன்.

அக்கா விளக்கம் சொன்னார். உளவியல், மனசு, ஆராய்ச்சி. பசித்த மக்கள் அதைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வந்தது வந்தாச்சு என்று அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து பதிவுகளையும் கேட்டார்கள். கோடு போடும் நேரம் வந்ததும் முதல் அங்கிள் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அக்காவைப் பார்த்தார்.

“இதுல எது வந்தா உனக்குப் படிப்பு பாஸாகும்?”

“அப்டி இல்ல அங்கிள், உங்களுக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க.”

“எனக்கு என்னம்மா தோணப் போவுது? உனக்கு எது வேணும் சொல்லு, அதுலயே எல்லாரும் கோடு போட்டுர்றோம்.” எல்லோரும் தலையாட்டினார்கள். அப்படியே போட்டார்கள். அத்தனை தாள்களிலும் கோடு ஒரே இடத்தில் இருந்தது. பிறகு நானும் அக்காவும் அத்தனை பேருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்தோம்.

“ஆய்வகம் செயற்கையான எடம். அதான் தப்பு,” என்று அன்று மாலையே அடுத்த வகைக்குப் போய்விட்டார். களச் சோதனை என்றால் மக்கள் இருக்கிற இடத்துக்கே நாம் போவது. சோதனை நடப்பது அவர்களுக்குத் தெரியக்கூடாது. தெருவில் ஒரு பெண் பை கிழிந்து பழங்களைக் கொட்டுவாள். சில சமயம் “அண்ணே, கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்பாள். சில சமயம் வெறுமனே “கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்பாள். தூணுக்குப் பின்னால் அக்கா ஸ்டாப்வாட்சோடு நிற்பார். பழத்தைக் கொட்டுகிற பெண் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் எலுமிச்சம்பழம். நன்றாக உருளும் என்று அக்காவே தேர்ந்தெடுத்தது. சாப்பாட்டுக் கடை வாசலில் கொட்டினேன். “கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றேன். ஒருவர் கூட வரவில்லை. நடந்து வந்தவர்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு மோட்டார் சைக்கிள் அப்படியே திரும்பி வந்த வழியே போனது. தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சுத்தமான கன்ட்ரோல்!

அதற்குள் பூக்கடை ஆன்டி தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். “யாருக்குச் சுத்திப் போட்டது இது? நடுரோட்டுல போட்டிருக்கே! தாண்டாதே, தாண்டாதே! நீ ஏண்டி கையால எடுக்குறே?” என்று என்னைப் பிடித்து இழுத்தார். திருஷ்டி கழித்த எலுமிச்சம்பழத்தைத் தெருவில் எவன் குனிந்து எடுப்பான்? இது உளவியல் படித்த மூளைக்குத் தோன்றவில்லை, என் மூளைக்கும் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து ஆரஞ்சுப் பழம்.

ஆரஞ்சுக்கு வேறு விதமான துன்பம். எல்லோரும் உதவினார்கள். அண்ணே என்றாலும் உதவினார்கள், சொல்லாமல் விட்டாலும் உதவினார்கள். அதுகூடப் பரவாயில்லை. நான் உறவு சொல்லாத சமயங்களில் அவர்களே சொன்னார்கள். “பாத்து தங்கச்சி!” என்றார் ஒரு லோரிக்காரர். “என்னம்மா இப்டி மெல்லிசுப் பையில போட்டிருக்கே?” என்றார் இன்னொருவர். ஒவ்வொரு முறையும் தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா தலையில் அடித்துக்கொண்டு வெளியே வருவார்.

“போச்சு! கன்ட்ரோல் கெட்டுப்போச்சு!”

“நான் ஒண்ணும் சொல்லலயே கா. அவருதானே சொன்னாரு?”

“யார் சொன்னா என்ன? உறவு உள்ள வந்துருச்சுல்ல!”

இதை அவர் மெல்லப் பேசுகிறவர் அல்ல. தெருமுனை வரைக்கும் கேட்கும். பெயர் அப்படித்தான் வந்தது.

இதற்கு மேல் ஒரு கொடுமை இருக்கிறது. சோதனை முடிந்ததும், ஏமாற்றப்பட்டவரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஆராய்ச்சி ஒழுக்கமாம். அக்கா அதில் அரிச்சந்திரன் வம்சம். உதவி செய்துவிட்டு நடந்து போகிறவரைத் துரத்திக்கொண்டு ஓடுவார். “அண்ணே, நில்லுங்க! அவ வேணும்னேதான் கொட்டுனா! அது ஒரு ஆராய்ச்சி!”

லோரிக்காரர் திரும்பி நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “வேணும்னே கொட்டுனியா? முட்டி வலியோட குனிஞ்சேன்லா!”

ஒரு மாதத்துக்குள் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவரும் கோபப்படவில்லை. அக்காவின் படிப்பு போய்விடுமாம், ஒரு கன்ட்ரோல் கிடைத்தால் பிழைத்துக்கொள்வாராம் என்று பூக்கடை ஆன்டி எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தார். சாப்பாட்டுக் கடை அண்ணன் தினமும் விசாரிப்பார், “கன்ட்ரோல் கெடச்சுதா?” என்று. ஏதோ வீட்டு மருமகளுக்குக் குழந்தை தங்கியதா என்று கேட்பது மாதிரி கவலையாகக் கேட்பார்.

மூன்றாவது வகை அரைச் சோதனை. நாமே ஆட்களை இரண்டு கூட்டமாகப் பிரிக்க முடியாதபோது, ஏற்கெனவே பிரிந்து கிடக்கிற கூட்டங்களை ஒப்பிடுவது. “பிரிக்பீல்ட்ஸ்காரங்க ஒரு கூட்டம், கிள்ளான்காரங்க ஒரு கூட்டம். யாரையும் நாம கிள்ளான்ல போய்ப் பொறன்னு சொல்ல முடியாதில்ல?” என்று என்னை ரயிலேற்றினார். என் மடியில் ஆரஞ்சு மூட்டை.

கிள்ளானில் ஒரு துணிக்கடை வாசலில் கொட்டினேன். சேலைக்கடைப் பை வைத்திருந்த ஓர் அம்மா குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். வாய் திறக்கவில்லை. தங்கச்சி இல்லை, அம்மா இல்லை. தூரத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடைசிப் பழத்தைக் கொடுத்துவிட்டு அந்த அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஒங்கப்பா சுங்கை பூலோல இருந்தவரா? நெட்டையா, மீச வச்சிருப்பாரு?”

“ஆமா...”

“அட, என் சித்தப்பா மகன்டி அவன்! நான் உனக்கு அத்தை! இப்டி எளச்சுக் கெடக்கியே!” என்று நடுத்தெருவில் கட்டிக்கொண்டார். அக்கா அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். கலப்பில்லாத ஆள் தேடி ரயிலேறிப் போன இடத்தில் நிஜ அத்தையே கிடைத்தால் எந்த ஆராய்ச்சி தாங்கும்? அத்தை எங்கள் இருவரையும் வீட்டுக்கு இழுத்துப் போய்ச் சோறு போட்டு, மகள் கல்யாணப் பத்திரிகையும் கொடுத்துதான் அனுப்பினார்.

திரும்பும்போது ரயிலில் அக்கா ஸ்டாப்வாட்சைப் பைக்குள் அடியில் போட்டுவிட்டார். அது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

“விடுங்க கா, அடுத்த வகை இருக்கில்ல?” என்றேன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. யாராவது அதைக் கேட்பார்களா?

“இயற்கைச் சோதனை. அது நம்ம கையில இல்ல. அதுவா நடக்கணும், நாம ஓரமா நின்னு பாக்கணும். எனக்கு எங்க நடக்கப் போவுது?” என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கவுன்டர்லயே கெடந்துருவேன் போலருக்கு.” அழுதார். நான் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரை கொடுக்க வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மழை விட்ட நேரம். வேலை முடிந்து தெருவுக்குள் திரும்பினேன். சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் பெரிய கூட்டம், ஆனால் துளிச் சத்தமில்லை. பிரிக்பீல்ட்ஸில் கூட்டம் கூடிச் சத்தம் வராமலிருந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

பார்வையற்றவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல் ஈரத்தில் வழுக்கி, கன்ட்ரோல் அக்கா நடைபாதையில் விழுந்துகிடந்தார். சாமிக்கு வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள் நாலாபக்கமும் உருண்டு கிடந்தன. ஒரு கால் பார்க்கவே பயமாகத் திரும்பியிருந்தது. சுற்றிலும் எங்கள் தெரு மக்கள் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். சாப்பாட்டுக் கடை அண்ணன் ஒரு தட்டை நீட்டிப் பிடித்து, வருகிற வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் பாவம் குனிந்து உதவப் போனார். இரண்டு பேர் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்கள்.

“அண்ணே... கால் போச்சுண்ணே...” என்று அக்கா முனகினார்.

“அண்ணேன்னு சொல்லாதீங்க, கெட்டுப்போயிரும்!” என்று கிசுகிசுத்தார் சாப்பாட்டுக் கடைக்காரர். “இப்பதான் நல்லா போயிட்டிருக்கு.”

பூக்கடை ஆன்டி உதட்டின் மேல் விரலை வைத்தபடி கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “ஒருத்தரும் அம்மான்னு வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன். அந்தப் புள்ள படிப்பு இது.”

நான் கத்தினேன். “ஐயோ, நெஜமாவே விழுந்திருக்காங்க! சோதனை இல்ல!”

ஆன்டி என்னை அலட்சியமாகப் பார்த்தார். “நீ போ. நீதானே போன மாசம் நெஜமா பை கிழிஞ்சிருச்சுன்னு சொன்னவ.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்தில் போய் மண்டியிட்டேன். அக்காவின் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் முகம் அழுகிற முகமாக இல்லை.

“ரொம்ப வலிக்குதா கா?”

“வலிக்குதுடி... ஆனா பாத்தியா? எவ்ளோ நேரமா கெடக்குறேன். ஒருத்தர் கூட ஒரு உறவு வார்த்த சொல்லல.” மூச்சு வாங்கினார். “எனக்காக லா. எல்லாரும் எனக்காக வாய மூடிட்டு நிக்கிறாங்க. இவங்க ஜென்மத்துல இவ்ளோ நேரம் பேசாம இருந்ததே இல்ல.”

அப்போதுதான் ஆன்டி அந்தக் காலைக் குனிந்து பார்த்தார். வீங்கியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். “அடிப்பாவி, நெஜமாடி!” என்று அவர் அலறியதோடு அணை உடைந்தது. அம்மா, தங்கச்சி, கண்ணு, அக்கா, மகளே என்று நம் மொழியில் எத்தனை உறவு உண்டோ அத்தனையும் ஒரே நேரத்தில் கொட்டியது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, சாப்பாட்டுக் கடை வேனில் ஏற்றினார்கள். வேனில் இடமே மிச்சமில்லாதபடி எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். நான் மட்டும் பின்னால் டாக்சி பிடித்துப் போக வேண்டியிருந்தது.

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டோடு ஹாலில் என் சோபாவில் படுத்துக்கொண்டு அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அன்று கிடைத்த கன்ட்ரோல் செல்லாது, ஏனென்றால் எல்லோருக்கும் அது சோதனை என்று நினைப்பிருந்தது. ஆகவே கட்டுரை இல்லை, ரூம் இல்லை. ‘மன்னிக்கவும், என்னால் முடியவில்லை’ என்று மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. என் உப்பு டப்பாவை ஒளித்துவைத்தவர் அவ்வளவு எளிதில் தோற்கக்கூடாது.

மறுநாள் மாலை அந்த மேற்பார்வையாளர் டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம், செராஸில் வீடு. சிரிப்பைக்கூட அளந்து போடுகிறவர் என்று அக்கா சொல்லியிருந்தார். கதவைத் திறந்தபோது அவர் கழுத்துப் பட்டி கசங்கி, கொஞ்சம் திகைத்துப்போய் நின்றார். அவருடைய கைப்பை பூக்கடை ஆன்டியின் தோளில் இருந்தது. அவருடைய குடையைச் சாப்பாட்டுக் கடை அண்ணன் வைத்திருந்தார். இன்னொருவர் கையில் அவருக்காகக் கட்டிய தோசைப் பொட்டலம்.

“நான் இந்த வீட்டு நம்பர் எங்கே என்றுதான் கேட்டேன்,” என்றார் டாக்டர். “வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.”

அவர்களை அனுப்பிவிட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். அவர் முகம் இளகியது.

“கால் எப்பிடி இருக்கு, பிள்ளை? சரியா நோகுதோ?”

அக்கா படுத்த இடத்திலிருந்து எழும்பப் பார்த்தார். “டாக்டர்! பிள்ளைன்னு சொல்லிட்டீங்க! நீங்களுமா? கன்ட்ரோல் கெட்டுப்போச்சு!”

டாக்டர் தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார். பிறகு சிரித்தார். அளந்து சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. சிரித்து முடித்ததும் நேராகச் சொன்னார். “இந்த ஊரிலே சுத்தமான கன்ட்ரோல் கிடைக்காது. எனக்கே இயலேல்லை. ஏன் கிடைக்காது எண்டதை எழுதும். அதுதான் உம்முடைய ஆய்வு. கெடுவைக் கொஞ்சம் தள்ளி வைக்க நான் கேட்டுப் பார்க்கிறன்.”

கெடு தள்ளிப் போனது. அத்தனையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அக்காவுக்குக் காலைத் தொங்கவிட்டு உட்கார முடியாது, ஆகவே தட்டச்சு யார்? நான்தான். எலுமிச்சம்பழம் ஓர் அத்தியாயம், வெறும் வயிற்று அங்கிள் ஓர் அத்தியாயம், என் அத்தை தனி அத்தியாயம். ஒரு வரி சொல்லி அதை மூன்று தடவை மாற்றுவார். கம்ப்யூட்டரைத் தூக்கிப் பால்கனி வழியாகப் போட்டுவிடலாமா என்று எத்தனையோ முறை நினைத்தேன். கடைசியில் திருத்தங்களோடு தேர்ச்சி என்று பதில் வந்தது. அன்று எங்கள் தெருவில் பூக்கடை ஆன்டி கட்டிய மாலை ஒரு அமைச்சருக்குக்கூடப் பெரிதாக இருந்திருக்கும்.

அடுத்த சில மாதங்களில் கிள்ளானில் ஒரு ஆலோசனை நிலையத்தில் வேலை கிடைத்தது. கதவு உள்ள ரூம். அக்கா சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். விட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

சோபா எனக்கே திரும்பக் கிடைத்தது. உப்பு வைத்த இடத்தில் இருந்தது. மாத்திரை மாத்திரையாகவே இருந்தது, வலியும் போனது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் யாரும் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. நான் எத்தனை மணிக்கு வந்தேன், சாப்பிட்டேனா, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன் என்பதெல்லாம் உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத தகவலாகிவிட்டது. இரவில் தூக்கம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை போன் செய்து, கிள்ளானில் அந்த நிலையத்தில் முறைப்படி நேரம் வாங்கினேன். என் பெயரைக் கவுன்டரில் சொன்னேன், நம்பர் கொடுத்தார்கள். கூப்பிட்டதும் உள்ளே போனேன். அக்கா எழுந்து வந்து கதவைச் சாத்தினார். என்னைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினார், ஆனாலும் தொழில் தொழில்தான் என்று எதிரில் நேராக உட்கார்ந்துகொண்டார்.

“சொல்லுங்க. என்ன பிரச்சினை?”

“வீட்ல யாருமே இல்லாத மாதிரி இருக்கு.”

“எப்போலேர்ந்து அப்டி இருக்கு?”

“நீங்க போனதுலேர்ந்துதான் கா.”